பைஆம்ப் அமைப்பு: ஜம்பரைக் கழற்றினால் போதுமா, கிராஸ்ஓவரை முன்னால் கொண்டுவரணுமா?

கம்பிக்காரன்:

இருவழி ஸ்பீக்கர். 6.5 அங்குல வூஃபர், 25 மி.மீ. துணி டோம் ட்வீட்டர், 42 ஹெர்ட்ஸில் டியூன் செய்த ரிஃப்ளெக்ஸ் (காற்றுத் துளை உள்ள) பெட்டி. முன்பலகை அகலம் 20 செ.மீ. பின்பக்கம் நான்கு டெர்மினல், இடையில் ஜம்பர் தகடு.

ஆம்ப் இரண்டு, இரண்டும் ஸ்டீரியோ. ஒன்று 8 ஓமில் 100 வாட், கெயின் 29 டெசிபல். மற்றது 40 வாட், கெயின் 26 டெசிபல். பைஆம்ப், அதாவது வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் தனித்தனி ஆம்ப்: பெரியது வூஃபருக்கு, சிறியது ட்வீட்டருக்கு என்று யோசனை.

ஜம்பரைக் கழற்றி நேரடியாக மாட்டலாமா, இல்லை ஆக்டிவ் கிராஸ்ஓவர் (பேஸையும் மேல்ஸ்வரத்தையும் ஆம்புக்கு முன்னாலேயே பிரிப்பது) வைத்துத்தான் ஆகணுமா? பெட்டியைத் திறக்கத் தயக்கமில்லை. அளவு மைக், ரூம் ஈக்யூ விசார்ட் (ஒலி அளக்கும் மென்பொருள்) இரண்டும் இருக்கின்றன.

---

தாழ்வரிசை:

இந்த ரெண்டு ஆம்பையும் ஜம்பர் மட்டும் கழற்றி மாட்டாதீங்க. பெரிய ஆம்ப் ஒன்றையே வைத்து ஓட்டுவதைவிட மோசமாகத்தான் இருக்கும்.

பேசிவ் பைஆம்பில், அதாவது ஜம்பர் மட்டும் கழற்றினால், ரெண்டு ஆம்புக்கும் முழு சிக்னலும் போகுது. பெட்டிக்குள் இருக்கும் கிராஸ்ஓவர் கரண்டைத்தான் பிரிக்கும், ஆம்ப் கொடுக்கும் வோல்ட்டேஜைப் பிரிக்காது. ட்வீட்டர் பக்கத்து ஆம்ப், தான் கரண்டே கொடுக்காத பேஸுக்கும் சேர்த்து வோல்ட்டேஜ் ஆடணும். 40 வாட் ஆம்பின் உச்சம் 25 வோல்ட், 100 வாட் ஆம்புக்கு 40 வோல்ட். கெயினைச் சமன் செய்தபிறகு பார்த்தால் சின்ன ஆம்ப் 4 டெசிபல் முன்னாடியே கிளிப் ஆகுது (அலையின் உச்சி வெட்டுப்படுது), அதுவும் ஒரு பேஸ் அடிக்கு. கிளிப்பில் பிறக்கும் ஹார்மானிக் எல்லாம் நேரே ட்வீட்டருக்குத்தான். கெயினைச் சமன் செய்யாமல் விட்டால் ட்வீட்டர் 3 டெசிபல் கீழே போயிடும், குரல் மூடின மாதிரி கேட்கும்.

கிராஸ்ஓவரை ஆம்புக்கு முன்னால் வைத்தால் கதையே வேற. ஒரு நொடியில் பேஸ் 20 வோல்ட் உச்சம், மேல்ஸ்வரம் 20 வோல்ட் உச்சம் என்று வைத்துக்கோங்க. ஒரே ஆம்ப் என்றால் ரெண்டும் கூடி 40 வோல்ட், அதாவது 100 வாட் ஆம்ப் வேணும். பிரித்துக் கொடுத்தால் ஆளுக்கு 20 வோல்ட், அது 25 வாட் ஆம்ப் வேலை. ரெண்டு உச்சமும் ஒரே கணத்தில் கூடுவது மோசமான நிலைதான், எப்பவும் நடக்காது. ஆனால் கிளிப் ஆவதும் அந்த மோசமான கணங்களில்தானே. அப்போகூட வூஃபர் ஆம்ப் கிளிப் ஆனால் அந்த அழுக்கு வூஃபரோடு நின்றுவிடும், ட்வீட்டருக்குப் போகாது.

உங்கள் 40 வாட் ஆம்ப் ஆக்டிவ் அமைப்பில் ட்வீட்டருக்குத் தாராளம்.

---

பழையவால்வு:

பேசிவ் பைஆம்பை முழுக்கக் குப்பையில் போட வேண்டாம். ஒரே மாதிரி இரண்டு ஸ்டீரியோ ஆம்ப் இருந்தால், ஒரு பெட்டிக்கு ஓர் ஆம்ப் என்று கொடுக்கலாம். அப்போது ஒவ்வொரு ஆம்பிலும் ஒரு சேனல் மட்டுமே கனமாக உழைக்கும். பவர் சப்ளை தளராது, இரண்டு பக்க ஒலியும் ஒன்றோடொன்று கலக்காது. கெயினும் தானாகவே சமம். கேட்கும் வித்தியாசம் சிறியது, சில நேரம் இல்லவே இல்லை. ஆனால் தீங்கில்லை.

ஏவி ரிசீவரில் வரும் "பைஆம்ப்" தேர்வு இதிலும் சேராது. சரவுண்ட் பேக் சேனலை முன் சேனலுக்குத் திருப்பிவிடுகிறது, அவ்வளவே. பவர் சப்ளை அதேதான்.

எந்த வகையானாலும் ஒரு விதி: ஜம்பர் இரண்டு பக்கமும், கூட்டலும் கழித்தலும், கழன்றிருக்க வேண்டும். ஒரு தகடு மறந்துபோய் இருந்தால் ஓர் ஆம்பின் அவுட்புட் மற்றதன் அவுட்புட்டோடு முட்டிக்கொள்ளும். கழற்றியபின் மல்டிமீட்டரை ஓமில் வைத்து, கீழ் கழித்தலுக்கும் மேல் கழித்தலுக்கும் இடையே தொடர்பு இருக்கிறதா என்று பாருங்கள். சில பெட்டிகளில் உள்ளே பலகையிலேயே இரண்டு கழித்தலும் சேர்ந்திருக்கும். சாதாரண ஆம்புக்கு அது பரவாயில்லை. பிரிட்ஜ் அவுட்புட் உள்ள கிளாஸ் டி ஆம்ப் என்றால் அதன் கழித்தலும் உயிருள்ள முனை. இரண்டைச் சேர்த்தால் ஆம்ப் போச்சு.

---

கம்பிக்காரன்:

சரி, ஆக்டிவ்தான். எந்த ஃப்ரீக்வென்சியில் பிரிப்பது, எவ்வளவு சரிவு? ஆப்ஆம்ப் (சிறு ஆம்ப் சிப்) பலகை செய்வதா, டிஎஸ்பி (டிஜிட்டலில் ஃபில்டர் செய்யும் பெட்டி) வாங்குவதா?

---

சால்டர்புகை:

ஃப்ரீக்வென்சிக்கு இரண்டு பக்கமும் வேலி உண்டு. கீழ்ப்பக்கம் ட்வீட்டரின் ரெசொனன்ஸ்: ஒரு ஆக்டேவுக்கு 24 டெசிபல் சரிவு வைத்தால் அதற்கு இரண்டு மடங்குக்கு மேலே இருங்கள். மேல்பக்கம் வூஃபரின் அகலம்: 6.5 அங்குலத்தில் ஒலி எழுப்பும் விட்டம் சுமார் 13 செ.மீ. அலைநீளம் அந்த அளவுக்குச் சுருங்குவது 2600 ஹெர்ட்ஸ் அருகே. அதற்குள் வூஃபர் கற்றையாகப் பாய ஆரம்பித்துவிடும், பக்கவாட்டில் ஒலி குறையும். டோமின் ரெசொனன்ஸ் 1000க்குக் கீழே என்றால் 2000 ஹெர்ட்ஸ் நல்ல இடம். அங்கே அலைநீளம் 17 செ.மீ. இரண்டு டிரைவரின் மையங்களுக்கும் இடையே அதைவிடக் குறைவான தூரம் இருந்தால் நல்லது.

சரிவுக்கு லிங்க்விட்ஸ்-ரைலி 24. ஹியூலெட் பேக்கார்டில் வேலை பார்த்த சீக்ஃபிரீட் லிங்க்விட்ஸ் 1976இல் வெளியிட்ட கட்டுரை வழியாகப் பரவியது. இரண்டாம் படி பட்டர்வொர்த் இரண்டை அடுத்தடுத்து வைப்பதுதான். பிரியும் இடத்தில் ஒவ்வொரு பக்கமும் 6 டெசிபல் கீழே, இரண்டும் எல்லா ஃப்ரீக்வென்சியிலும் ஒரே ஃபேஸில். கூட்டினால் சமதளம். 12 டெசிபல் வகையில் ஒரு டிரைவரைத் தலைகீழாக மாட்ட வேண்டும். 18 டெசிபல் பட்டர்வொர்த்தில் 90 டிகிரி விலகல் இருக்கும், லோப் (ஒலி பாயும் முக்கியத் திசை) மேலோ கீழோ சாயும்.

பலகையாகச் செய்தால், சாலன்-கீ அமைப்பு, யூனிட்டி கெயின், ஒரே கெப்பாசிட்டர் மதிப்பு, ஒரே ரெசிஸ்டர் மதிப்பு போதும்: 4.7 நானோஃபாரட், 12 கிலோஓம்.

லோபாஸ் (கீழ் ஃப்ரீக்வென்சியை மட்டும் விடும் ஃபில்டர்) ஒரு கட்டத்துக்கு: வரிசையில் இரண்டு 12 கிலோஓம். இரண்டின் சந்திப்பிலிருந்து அவுட்புட்டுக்கு 9.4 நானோ (4.7 இரண்டு இணையாக). ஆப்ஆம்பின் கூட்டல் முனையிலிருந்து கிரவுண்டுக்கு 4.7. ஹைபாஸுக்கு (மேலே உள்ளதை மட்டும் விடுவது) இதைத் திருப்பிப் போடுங்கள்: வரிசையில் இரண்டு 4.7 நானோ, சந்திப்பிலிருந்து அவுட்புட்டுக்கு 12 கிலோ, கூட்டல் முனையிலிருந்து கிரவுண்டுக்கு 24 கிலோ (12 இரண்டு தொடராக). இரண்டுமே 1995 ஹெர்ட்ஸில் விழும். ஒவ்வொன்றிலும் இரண்டு கட்டம். ஆக, ஸ்டீரியோவுக்கு 20 கெப்பாசிட்டர், 20 ரெசிஸ்டர். 10 கிலோ போட்டால் 2400 ஹெர்ட்ஸ், 15 கிலோ போட்டால் 1600.

கெப்பாசிட்டர் பாலிப்ரொப்பிலீன் அல்லது சி0ஜி செராமிக். எக்ஸ்7ஆர் வேண்டாம், வோல்ட்டேஜுக்குத் தகுந்தாற்போல் மதிப்பு ஆடும், டிஸ்டார்ஷன் வரும். ரெசிஸ்டர் 1 சதவீதம். இன்புட்டில் ஒரு பஃபர் கட்டாயம், இல்லாவிட்டால் முன்னால் உள்ள வால்யூம் பாட்டின் இம்பீடன்ஸ் ஃபில்டரோடு கலந்து ஃப்ரீக்வென்சி நகரும். அவுட்புட்டில் 100 ஓம் தொடராக.

என்இ5532 போடுபவர்கள் கவனிக்க: அதன் இன்புட் பயாஸ் கரண்ட் சுமார் 200 நானோஆம்பியர். 24 கிலோஓமில் அது 5 மில்லிவோல்ட் டிசி. 26 டெசிபல் கெயினில் 100 மில்லிவோல்ட் ஆகி ட்வீட்டருக்குப் போகும். அவுட்புட்டில் 10 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கெப்பாசிட்டர், பின்னால் 100 கிலோஓம் கிரவுண்டுக்கு. இல்லையென்றால் ஓபிஏ2134 மாதிரி ஃபெட் இன்புட் உள்ளது போடுங்கள்.

---

மைக்ஸ்டாண்ட்:

மேலே உள்ள மதிப்புகள் சரி. ஆனால் அது மின் சரிவு. காதுக்கு வருவது மின் சரிவும் டிரைவரின் சொந்தச் சரிவும் சேர்ந்தது. மூடிய டோம் ட்வீட்டர் ரெசொனன்ஸுக்குக் கீழே தானே 12 டெசிபல் சரிகிறது. மேலே இன்னும் 24 மின் சரிவு ஏற்றினால், பிரியும் இடத்துக்கு ஒரு ஆக்டேவ் கீழே மொத்தம் 24 இல்லை, அதைவிடச் செங்குத்து, ஃபேஸும் கூடவே திரும்பும். வூஃபரும் அப்படித்தான், மேலே போகப் போகத் தானே விழும். இலக்கு ஒலியில் 24 கிடைக்க வேண்டும். அதற்கு மின் சரிவு ஒரு பக்கம் 12, மறுபக்கம் 18 என்றுகூட வரலாம்.

ஆப்ஆம்ப் பலகையில் இதைச் செய்ய முடியாது என்றில்லை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் சால்டர் அயர்ன் எடுக்கணும், அதுதான். முதல் அமைப்புக்கு டிஎஸ்பிதான் சரி: 2 இன், 4 அவுட், 96 கிலோஹெர்ட்ஸில் ஓடும் மினிடிஎஸ்பி வகைப் பெட்டி. கணினியே பிளேயர் என்றால் நாலு அவுட்புட் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸும் கமில்லாடிஎஸ்பி மென்பொருளும் போதும்.

பேசிவ் கிராஸ்ஓவரைப் பிடுங்கும் முன் ஒரு வேலை. பெட்டி முழுசாக இருக்கும்போதே வூஃபர் முனையிலும் ட்வீட்டர் முனையிலும் வரும் வோல்ட்டேஜை ஸ்வீப் (கீழிருந்து மேல்வரை ஓடும் சோதனை ஒலி) எடுத்துச் சேமித்துவிடுங்கள். சவுண்ட்கார்டு இன்புட்டுக்கு முன்னால் 10க்கு 1 ரெசிஸ்டர் பிரிப்பான் வைத்து, ஆம்பின் வால்யூமைத் தாழ்த்தி. அந்த இரண்டு வளைவும் ஸ்பீக்கர் செய்தவர் கண்டுபிடித்த விடைகள். அதில் வெறும் சரிவு மட்டும் இருக்காது. ட்வீட்டரை 4, 5 டெசிபல் அடக்கும் ரெசிஸ்டர், கோனின் பிரேக்அப் சிகரத்தை வெட்டும் நாட்ச், பேஃபிள் ஸ்டெப்புக்கான (முன்பலகை அகலத்தால் கீழ் ஃப்ரீக்வென்சி குறைவதற்கான) சாய்வு எல்லாம் உள்ளே ஒளிந்திருக்கும். கிராஸ்ஓவரை எடுத்ததும் இவையும் போய்விடும். ஆக்டிவ் போட்டதும் ஒலி கூசுகிறது என்று பலர் சொல்வதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

பேஃபிள் ஸ்டெப்புக்குத் தோராயக் கணக்கு: 115ஐ மீட்டரில் உள்ள அகலத்தால் வகுக்கவும். உங்கள் 20 செ.மீ.க்கு 575 ஹெர்ட்ஸ். டிஎஸ்பியில் அதை மையமாக வைத்து ஒரு ஷெல்ஃப் (மேலே விட்டுக் கீழே உயர்த்தும் ஈக்யூ), 3 முதல் 6 டெசிபல் வரை. சுவரை ஒட்டி வைத்தால் 3 பக்கம், நடு அறையில் 6 பக்கம்.

---

கம்பிக்காரன்:

ட்வீட்டரை நேரடியாக ஆம்பில் மாட்டுவதுதான் பயம். முதல் முறை ஆன் செய்யும்போது என்ன வரிசை?

---

தாழ்வரிசை:

பயப்படணும். ஆம்ப் பழுதாகி 35 வோல்ட் டிசி வெளியே வந்தால் 6 ஓம் காயிலில் 200 வாட். ஃபியூஸ் யோசிக்கிறதுக்குள்ள ட்வீட்டர் கரி.

முதலில் ரெண்டு ஆம்பும் ஸ்பீக்கர் இல்லாமல் ஆன் செய்து, அவுட்புட்டில் டிசி அளங்க. 20, 30 மில்லிவோல்ட்டுக்குள் இருக்கணும். 100க்கு மேல் காட்டுகிற ஆம்ப் ட்வீட்டர் பக்கம் வரவே கூடாது. ஆன், ஆஃப் செய்யும்போது எவ்வளவு துள்ளுது என்றும் பாருங்க, அதுக்கு மல்டிமீட்டர் போதாது. ஒரு பழைய ஃபுல்ரேஞ்ச் ஸ்பீக்கரை மாட்டினால் "தொம்" சத்தம் தானே சொல்லும்.

அதே பழைய ஸ்பீக்கரை வைத்துத்தான் முழு வயரிங்கையும் சரிபார்க்கணும். டிஎஸ்பி அவுட்புட் 1, 2, 3, 4 ஒவ்வொன்றும் எந்த ஆம்ப் சேனலுக்குப் போகுது, அதில் வருவது உண்மையிலேயே ஹைபாஸா என்று காதால் கேட்டு, கேபிளில் சீட்டு ஒட்டுங்க. ட்வீட்டர் சாவதில் பாதி ஆம்ப் கோளாறு இல்லை, கேபிள் மாறிப் போனது. பெட்டிக்கு நாலு கம்பி ஸ்பீக்கான் கனெக்டர் போட்டால் இந்தத் தொல்லை குறையும்: 1+, 1− கீழ்வரிசை, 2+, 2− மேல்வரிசை என்பது வழக்கம்.

டிஎஸ்பி ப்ரீசெட் மாற்றும்போதும் ஃபர்ம்வேர் ஏற்றும்போதும் ஆம்ப் ஆஃப். அந்தச் சில நொடிகளில் சில பெட்டிகள் ஃபில்டர் இல்லாமல் முழு சிக்னலையும் விட்டுடும்.

ஆன் செய்யும் வரிசை: சோர்ஸ், டிஎஸ்பி, பத்து நொடி கழித்து ஆம்ப். ஆஃப் செய்யும்போது ஆம்ப் முதலில்.

ட்வீட்டருக்குத் தொடராக ஒரு கெப்பாசிட்டர் கட்டாயம் வைங்க. இது கிராஸ்ஓவர் இல்லை, காவல் மட்டும். 8 ஓமுக்கு 40 மைக்ரோஃபாரட் ஃபிலிம் என்றால் 500 ஹெர்ட்ஸில் விழும். 2000இல் கால் டெசிபல் குறையும், 14 டிகிரி ஃபேஸ் திரும்பும். ரெண்டையும் டிஎஸ்பியில் சரிக்கட்டலாம். 10 மைக்ரோ மாதிரி சின்னதாகப் போட்டால் அது 2000இலேயே விழும், கணக்கெல்லாம் குழம்பும்.

---

பழையவால்வு:

ஒரு சேர்க்கை. 500 ஹெர்ட்ஸ் என்பது ட்வீட்டரை வெறும் 8 ஓம் ரெசிஸ்டராக எண்ணிய கணக்கு. ரெசொனன்ஸில் அதன் இம்பீடன்ஸ் எகிறும், கெப்பாசிட்டரோடு சேர்ந்து அங்கே சின்ன மேடு வரலாம். ஆகவே கெப்பாசிட்டரை மாட்டிய பிறகே அளவு எடுக்க வேண்டும். ட்வீட்டருக்கு வால்வு ஆம்ப் வைப்பவர்களுக்கும் இதேதான்: அதன் அவுட்புட் இம்பீடன்ஸ் அதிகம் என்பதால் ரெசொனன்ஸ் மேடு இன்னும் தெரியும். சில ஆம்ப்கள் போலாரிட்டியைத் தலைகீழாக்கும் என்பதையும் சரிபாருங்கள். இரண்டும் வேறு வேறு மாடல் என்றால் கண்டிப்பாக.

---

கம்பிக்காரன்:

டிஎஸ்பி வைத்து அளவு எடுக்கும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல முடியுமா? டிலே எப்படி முடிவு செய்வது?

---

மைக்ஸ்டாண்ட்:

மைக் 1 மீட்டர், ட்வீட்டர் உயரத்தில். ட்வீட்டர் தரையிலிருந்து 1 மீட்டர் உயரம் என்றால் தரை எதிரொலி 3.6 மில்லிசெகண்ட் தாமதமாக வரும். விண்டோவை (கணக்கில் எடுக்கும் நேரத்தை) அதற்கு முன் வெட்டினால் 280 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள அளவை நம்பலாம். 2000இல் பிரிக்க இது போதும். பேஸுக்கு வூஃபரை ஒட்டி மைக் வைத்துத் தனியாக எடுத்துச் சேர்க்கணும்.

ரூம் ஈக்யூ விசார்டில் டைமிங் ரெஃபரன்ஸ் போடாமல் எடுக்காதீர்கள். லூப்பேக் கேபிள் இருந்தால் அது, யூஎஸ்பி மைக் என்றால் அக்கூஸ்டிக் ரெஃபரன்ஸ். அது இல்லாவிட்டால் இரண்டு அளவுக்கும் இடையே உள்ள நேர வித்தியாசம் தொலைந்துவிடும், டிலே கணக்கே இல்லை. ட்வீட்டரை வெறும் ஸ்வீப்பில் முழு ஃப்ரீக்வென்சியும் ஓட்டாமல், 500இல் ஆரம்பித்துத் தாழ்ந்த வால்யூமில் எடுங்கள்.

வூஃபர் தனி, ட்வீட்டர் தனி, ஃபில்டர் இல்லாமல். பிறகு ஒவ்வொன்றுக்கும் இலக்கு வளைவை 24 டெசிபல் லிங்க்விட்ஸாக வரைந்து, ஃபில்டரும் ஈக்யூவும் போட்டு அதன் மேல் படிய வையுங்கள். 2000க்கு மேலும் கீழும் குறைந்தது ஒரு ஆக்டேவ் படிந்திருக்கணும். லெவல் அடுத்தது. டிலே கடைசி.

தட்டையான முன்பலகையில் டோமின் ஒலி மையம் முன்னால், வூஃபருடையது காயிலுக்கு அருகே, 2, 3 செ.மீ. பின்னால். அதனால் ட்வீட்டரைத் தாமதிக்க வேண்டும். 2.5 செ.மீ. என்றால் 73 மைக்ரோசெகண்ட். 2000 ஹெர்ட்ஸில் அது 52 டிகிரி.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 52 டிகிரி பிசகினாலும் கூட்டலில் 1 டெசிபல்கூடக் குறையாது. வளைவு நேராகத்தான் தெரியும், "பரவாயில்லையே" என்று விட்டுவிடுவார்கள். லோப் மட்டும் சாய்ந்திருக்கும், எழுந்து நின்றால் ஒலி மாறும். ஆகவே கூட்டலைப் பார்க்காமல் கழித்தலைப் பாருங்கள். ட்வீட்டரின் போலாரிட்டியைத் திருப்பி ஸ்வீப் எடுத்தால் 2000இல் பள்ளம் விழும். 52 டிகிரி பிசகில் அதன் ஆழம் 7 டெசிபல்தான். 30 டெசிபல் பள்ளம் வேண்டுமென்றால் ஃபேஸ் 4 டிகிரிக்குள், லெவல் அரை டெசிபலுக்குள் இருந்தாகணும். 4 டிகிரி என்பது 5 மைக்ரோசெகண்ட். 96 கிலோஹெர்ட்ஸில் ஒரு சாம்பிளே 10.4 மைக்ரோசெகண்ட், ஆகவே 20, 25 டெசிபல் வந்தாலே திருப்தியாக நிறுத்தலாம்.

பள்ளம் ஆழமாக மட்டும் இல்லாமல் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிச் சரிந்திருக்கணும். ஒரு முழு சுற்று, அதாவது 500 மைக்ரோசெகண்ட், தவறிப் போனாலும் 2000இல் ஆழமான பள்ளம் வரும், ஆனால் குறுகலாக, பக்கத்தில் மேடுகளோடு. பலகை தட்டையாக இருக்கும்போது 200 மைக்ரோசெகண்டுக்கு மேல் டிலே கேட்கிறது என்றால் எங்கோ போலாரிட்டி தப்பு. முடித்ததும் போலாரிட்டியைத் திருப்பிப் போட மறக்காதீர்கள்.

---

கொம்புக்காரன்:

இதே இழையில் ஒரு கேள்வி. 15 அங்குல வூஃபர், மேலே ஹார்னில் கம்ப்ரஷன் டிரைவர், 8 ஓம், சென்சிட்டிவிட்டி 108 டெசிபல். வூஃபர் 96. இரண்டுக்கும் 32 டெசிபல் கெயின் உள்ள ப்ரோ ஆம்ப். டிஎஸ்பியில் ஹார்னை 12 டெசிபல் இறக்கியும் பாட்டு நின்றால் "ஸ்ஸ்" என்று கேட்கிறது. அறையில் கேட்கும் அமைப்பு, மேடைக்கு இல்லை.

---

தாழ்வரிசை:

டிஎஸ்பிக்குள் 12 இறக்கினால் பாட்டுதான் இறங்குது, இரைச்சல் அப்படியே இருக்கு. அது பிறப்பது டிஎஸ்பியின் அவுட்புட் கட்டத்தில்.

கணக்கு: அவுட்புட்டில் 25 மைக்ரோவோல்ட் இரைச்சல் என்று வைங்க, அது மோசமான எண் இல்லை. 32 டெசிபல் என்றால் 40 மடங்கு, 1 மில்லிவோல்ட். 2.83 வோல்ட்டுக்கு 108 கொடுக்கும் டிரைவருக்கு 1 மில்லிவோல்ட் என்றால் 39 டெசிபல், 1 மீட்டரில். அமைதியான அறையில் தெளிவாகக் கேட்கும். கம்பிக்காரனுடைய 26 டெசிபல் ஆம்பும் 92 டெசிபல் டோமும் என்றால் அதே இரைச்சல் 17 டெசிபலில் நிற்கும், காது ட்வீட்டரோடு ஒட்டினால்தான் தெரியும்.

தீர்வு, அந்த 12 டெசிபலை டிஎஸ்பிக்கும் ஆம்புக்கும் இடையே இறக்குவது. பேலன்ஸ்ட் கேபிள் என்றால் 2, 3 பின்களில் தொடராக ஆளுக்கு 1.5 கிலோஓம், ஆம்ப் பக்கம் ரெண்டுக்கும் குறுக்கே 1 கிலோஓம். நாலில் ஒரு பங்கு, 12 டெசிபல். எக்ஸ்எல்ஆர் கனெக்டருக்குள்ளேயே அடங்கும். ஆம்ப் முகப்பில் உள்ள குமிழும் இதே வேலை செய்யும், ஆனால் யாராவது தொட்டால் முழு சமநிலையும் போச்சு.

அதன்பிறகும் இரைச்சல் இருந்தால் அது ஆம்பின் சொந்த இரைச்சல். இன்புட்டை ஷார்ட் செய்து கேட்டால் தெரிஞ்சிடும். அப்போ ஹார்னுக்குக் குறைந்த கெயின் ஆம்ப் தேடணும், இல்லை டிரைவரிடமே எல்-பேட் (அடக்கும் ரெசிஸ்டர் ஜோடி) போடணும்.

---

சால்டர்புகை:

ஹார்ன்காரருக்கு இன்னொன்று. 15 அங்குலத்தில் ஒலி எழுப்பும் விட்டம் சுமார் 33 செ.மீ. அது 1000 ஹெர்ட்ஸிலேயே கற்றையாகும். டிரைவரின் தாளில் போட்ட குறைந்தபட்சக் கிராஸ்ஓவர் ஃப்ரீக்வென்சியையும் ஹார்ன் எதுவரை கட்டுப்படுத்தும் என்பதையும் பார்த்து 800 முதல் 1000க்குள் பிரிக்க முடிந்தால் நல்லது. ஹார்னின் ஒலி மையம் வூஃபருக்குப் பின்னால் இருக்கும். உங்களுக்கு வூஃபரைத் தாமதிக்க வேண்டும், மேலே சொன்னதற்கு நேர்மாறு.

---

கம்பிக்காரன்:

டிஎஸ்பி என்றானபின் 48 டெசிபல் அல்லது எஃப்ஐஆர் லீனியர் ஃபேஸ் (ஃபேஸைத் திருப்பாத டிஜிட்டல் ஃபில்டர்) போட்டுவிடலாமே? ஏன் 24இல் நிற்கணும்?

---

பழையவால்வு:

கிடைக்கிறது என்பதற்காக எடுக்க வேண்டாம். செங்குத்தான சரிவில் இரண்டு டிரைவரும் சேர்ந்து ஒலிக்கும் பகுதி குறுகும், ட்வீட்டருக்குக் காவல் கூடும். ஆனால் குறுகலாகப் பாயும் வூஃபரிலிருந்து அகலமாகப் பரவும் டோமுக்கு ஒலி ஒரே தாவலில் மாறும். அறையில் அது தெரியும்.

---

மைக்ஸ்டாண்ட்:

எனக்கு 48இல் அவ்வளவு வெறுப்பில்லை. ட்வீட்டரை 1600க்கு இறக்கி 48 போட்டால், 2200இல் 24 போடுவதைவிடப் பக்கவாட்டு ஒலி சீராக வரும். தாவல் இருக்கும் இடத்தையே கீழே தள்ளிவிடுகிறோம்.

எஃப்ஐஆர் பற்றி: லீனியர் ஃபேஸில் முன்னதிர்வு (ஒலி வரும் முன்பே ஒரு சிறு அதிர்வு) பிறக்கிறது. மைக் வைத்த ஒரு புள்ளியில் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று துடைத்துவிடும். ஆக்சிஸை விட்டு மேலே கீழே போனால் முழுசாகத் துடைக்காது, சரிவு செங்குத்தாக ஆக மிச்சம் அதிகம். 48 கிலோஹெர்ட்ஸில் 1023 டேப் (ஃபில்டரின் நீளம்) என்றால் தாமதம் 10.6 மில்லிசெகண்ட், படம் பார்க்கப் பிரச்சினையில்லை. 300 ஹெர்ட்ஸ் மாதிரிக் கீழே பிரிக்க அதைவிட நீளம் வேண்டும், அப்போது உதடும் சொல்லும் விலகும். 2000இல் 24 சாதாரண ஃபில்டர் முதலில் சரியாக உட்காரட்டும். அது உட்காராமல் எஃப்ஐஆர் போட்டால் தப்பைத்தான் துல்லியமாகச் செய்வோம்.

---

கம்பிக்காரன்:

கடைசியாக இரண்டு: ஆம்ப் இரண்டும் டிஎஸ்பியும் மாட்டினால் ஹம் வருமே? லிமிட்டர் எண் எப்படி முடிவு செய்வது?

---

சால்டர்புகை:

எல்லாப் பெட்டியும் ஒரே பிளக் வரிசையிலிருந்து. டிஎஸ்பி அவுட்புட் ஆர்சிஏ, ஆம்ப் இன்புட் எக்ஸ்எல்ஆர் என்றால் இரண்டு உள்கம்பி உள்ள ஷீல்டு கேபிள்: ஒரு கம்பி ஆர்சிஏ நடுமுனையிலிருந்து 2ஆம் பின்னுக்கு, மற்றது வெளிவளையத்திலிருந்து 3ஆம் பின்னுக்கு, ஷீல்டு வெளிவளையத்திலிருந்து 1ஆம் பின்னுக்கு. வெறும் அடாப்டர் மாட்டி 1ஐயும் 3ஐயும் ஆம்ப் பக்கத்திலேயே சேர்த்தால், சுற்றில் ஓடும் கிரவுண்ட் கரண்ட் சிக்னலோடு சேர்ந்துவிடும். அப்படியும் ஹம் நிற்காவிட்டால் லைன் டிரான்ஸ்ஃபார்மர். மின்சார எர்த்தைப் பிடுங்குவது தீர்வே அல்ல. ஆம்ப் உறையில் கசிவு வந்தால் அடுத்து அதைத் தொடுபவர் உடம்பு வழியாகத்தான் போகும்.

வால்யூம் கட்டுப்பாடு டிஎஸ்பிக்கு முன்னாலோ உள்ளேயோ இருக்கட்டும். அவுட்புட்டுக்குப் பின்னால் வைத்தால் நான்கு சேனலும் ஒன்றாக நகர வேண்டும். சாதாரண பாட் அவ்வளவு துல்லியமாக நகராது, ஒவ்வொரு வால்யூமிலும் டோன் மாறும்.

---

தாழ்வரிசை:

லிமிட்டர்: ட்வீட்டர் நீடித்துத் தாங்கும் வாட்டை எடுங்க, தாளில் கொட்டை எழுத்தில் போட்ட இசை வாட் இல்லை. 8 ஓமில் 10 வாட் என்றால் பெருக்கி வர்க்கமூலம், 8.9 வோல்ட். உங்கள் ஆம்ப் 26 டெசிபல், 20 மடங்கு. டிஎஸ்பி அவுட்புட்டில் 0.45 வோல்ட் ஆர்எம்எஸ். அந்த வோல்ட்டை டிஎஸ்பியின் முழு அளவோடு ஒப்பிட்டு டெசிபலாக்கணும்: 2 வோல்ட் முழு அளவு என்றால் −13. ஆர்எம்எஸ் லிமிட்டரை அங்கே வைங்க. உச்ச லிமிட்டர் இருந்தால் அதை 6 டெசிபல் மேலே, இசையின் நொடித்துள்ளல் அடிபடாமல் இருக்க.

ஆம்பின் உண்மையான கெயினை நீங்களே அளந்துக்கோங்க. ஸ்பீக்கரைக் கழற்றி, ஃபில்டரை பைபாஸ் செய்து, 400 ஹெர்ட்ஸ் சைன் கொடுத்து, இன்புட்டையும் அவுட்புட்டையும் மீட்டரில் பாருங்க. சாதா மல்டிமீட்டர் சில ஆயிரம் ஹெர்ட்ஸில் பொய் சொல்லும், அதனால்தான் 400.

வூஃபர் பக்கம் லிமிட்டரைவிட ஹைபாஸ்தான் முக்கியம். 42 ஹெர்ட்ஸ் ரிஃப்ளெக்ஸ் பெட்டியில் அதற்குக் கீழே கோனைப் பிடித்து நிறுத்தக் காற்று இல்லை. 36 ஹெர்ட்ஸில் 24 டெசிபல் பட்டர்வொர்த் போடுங்க. 100 வாட் ஆம்ப் 6.5 அங்குலக் கோனை அடி தட்ட வைக்கிறது பெரும்பாலும் அந்த 20, 30 ஹெர்ட்ஸில்தான்.